போர்டில் எழுதாத வாடகை

விழுப்புரத்திலிருந்து காணை வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்தில் ஏறினால், ஏறத்தாழப் பாதி வழியில் கண்டாச்சிபுரம் வரும். வட்டாட்சியர் அலுவலகம் வந்து, ஊர் வட்டத் தலைமையிடமும் ஆகிவிட்டது. ஆனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ சாலாமேட்டுப் பக்கம் போக்குவரத்துக் கழக அலுவலகத்திலோ வேலை கிடைத்தவர் விழுப்புரத்துக்குத்தான் குடிபெயர வேண்டும். கம்பெனி வேலை என்றால் புதுச்சேரி, இல்லாவிட்டால் சென்னை. ரயிலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. காட்பாடித் தடம் மாம்பழப்பட்டு, திருக்கோவிலூர் என்று விலகிப் போய்விடுகிறது. ஆகவே வீட்டுக்கு ஒருவராவது ஒரு கட்டத்தில் டூலெட் பலகையைத் தேடித் தெருத்தெருவாக நடக்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கிளம்புகிறவரிடம் பணம் இருக்கிறதோ இல்லையோ, அறிவுரை நிறையவே இருக்கும். மாமா ஒன்று சொல்வார், டீக்கடையில் ஒன்று சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் ஒன்று வரும். அவற்றில் சில சரி, சில பாதி சரி. சிலவற்றை நம்பினால் வருஷத்துக்கு இரண்டு மாத வாடகை காணாமல் போகும்.

முதலில் பாதி சரியான ஒன்று: “ஊருக்கு வெளிய தள்ளிப் போனா வாடகை கம்மி.” பலகையில் எழுதியிருக்கும் வாடகை கம்மிதான். ஒரு கணக்குக்கு, நகருக்குள் 7,500 ரூபாய், வெளியே 5,500 என்று வைத்துக்கொள்வோம். வேலையிடம் 12 கிலோமீட்டர். போக வர 24 கிலோமீட்டர், ஸ்கூட்டருக்குத் தினமும் அரை லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 1,350 ரூபாய் போய்விட்டது. பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வைத்தால் மிச்சமிருந்த 650-ம் போய், கையிலிருந்தும் போகும். அதே வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர் பெண்ணாக இருந்து, வாசலில் சாதாரண நகரப் பேருந்து நிற்குமானால் கதை வேறு. 2021 மே மாதத்திலிருந்து அந்தப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்போது தள்ளிப்போன வீடு நிஜமாகவே மலிவு. எனவே வாடகையைக் கேட்கும் முன் கேட்கவேண்டியது, “இங்க எந்த பஸ் நிக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு?”

சென்னைக்குப் போகிறவர்களிடம் இதே கணக்கு இன்னொரு விதமாகப் பழசாகிவிட்டது. “ஊர் பஸ் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல இருக்கணும்” என்று கோயம்பேட்டைச் சுற்றி அதிக வாடகை கொடுத்துத் தங்கியவர்கள் ஏராளம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பிறகு விழுப்புரம் பக்கத்துப் பேருந்துகள் படிப்படியாக அங்கே போய்விட்டன. வாராவாரம் ஊருக்கு வருகிற கண்டாச்சிபுரத்துப் பையனுக்கு இன்று ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும்தான் பக்கம்.

“நல்ல ஏரியா” என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. அகலத் தெரு, புது நகர், மாடி வீடுகள், கேட்டில் நாய் ஜாக்கிரதைப் பலகை. இவை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அந்த நினைப்பைக் கலைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை பொங்கி அரசூரில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்தே நின்றது. விழுப்புரத்தில் ஏரி நிலத்தில் எழுந்த புதிய பேருந்து நிலையம் பெருமழைதோறும் குளமாவதை ஊரே பார்க்கிறது. பேருந்து நிலையத்துக்கு நேர்ந்தது புது நகர்களுக்கு நேராது என்று எண்ண ஒரு காரணமும் இல்லை. பித்தளைப் பெயர்ப் பலகையைவிடச் சுவரின் கீழ்ப்பகுதியைப் பார்ப்பது பயன் தரும். இரண்டடி உயரத்துக்குப் பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடத் தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் கேட்பது நல்லது.

அடுத்து, எல்லோரும் சண்டை போடுகிற அட்வான்ஸ்.

இதில் இரண்டு எதிரெதிர் நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, “பத்து மாச அட்வான்ஸ்ங்கிறது வழக்கம், ஒண்ணும் பண்ண முடியாது.” இன்னொன்று, “ரெண்டு மாசத்துக்கு மேல வாங்கினா கேஸ் போடலாம், புதுச் சட்டம் வந்திடுச்சு.” இரண்டாவது வாட்ஸ்அப் சரக்கு. அந்த இரண்டு மாத வரம்பு, 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தில் இருப்பது. மாதிரி என்றால் மாதிரிதான். வீட்டுக்காரர்–குடித்தனக்காரர் உறவு அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலம் ஏற்றால்தான் செல்லும். தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த தனிச் சட்டம். அதன் 11-ஆம் பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைச் சட்டவிரோதம் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே, மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி என்ற நிபந்தனையோடு. அதாவது பத்து மாதத்துக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவருக்கு அந்த மூன்று மாதக் கணக்கு கைகொடுப்பது கடினம். கையெழுத்துக்கு முன்னால் அதே பிரிவைக் காட்டிப் பேசினால் பத்து ஐந்தாக வாய்ப்புண்டு.

பலர் கவனிக்காத மறுபாதியும் அதே பிரிவில் இருக்கிறது: காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். “அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

காலி செய்யும்போது வருகிற இன்னொரு வழக்கம், “வெள்ளையடிக்க ஒரு மாச வாடகையைப் புடிச்சுக்குவாங்க.” அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பழுதுபார்ப்பது என்று பிரித்துக் கொடுக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் பக்கம். பிள்ளைகள் சுவரில் கிறுக்கியதற்குக் கழிப்பது வேறு. தேய்மானத்துக்குக் கழிப்பது வேறு. இதையும் பத்திரத்தில் எழுதும்போதே பேசிவிட வேண்டும், சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும்போது அல்ல.

“லீசுக்குப் புடிச்சா வாடகையே இல்ல” என்ற நம்பிக்கைதான் இருப்பதிலேயே விலை உயர்ந்தது. ஐந்து லட்சம் கொடுத்து மூன்று வருஷம் இருந்துவிட்டு, அதே ஐந்து லட்சத்தை வாங்கிக்கொண்டு போகலாம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. அந்த ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது விஷயம். வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கிடந்த பணமானால் வருஷம் 35,000, மாதம் சுமார் 2,900 ரூபாயை இழக்கிறார். நல்ல வீடென்றால் லாபம்தான். நகையை 12 சதவீதத்துக்கு அடகு வைத்து எடுத்ததானால் மாதம் 5,000. வெளியே இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியதானால் மாதம் 10,000. வாடகையே இல்லாத வீட்டுக்கு!

அதைவிடப் பெரிய ஆபத்து, பணம் திரும்பி வருமா என்பது. பணத்தைக் கொடுத்து வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிப்பதைச் சட்டம் அடைமானத்தின் ஒரு வகையாகப் பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடைமானம் பதிவுசெய்த பத்திரமாக இருக்க வேண்டும். நடப்பில் ஒரு முத்திரைத்தாளும் இரண்டு சாட்சிகளுமே லட்சங்களைத் தாங்கி நிற்கின்றன. வீட்டுக்காரர் அதே வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் வாங்கியிருந்து கட்டாமல் விட்டால், 2002-இன் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும். அப்போது முத்திரைத்தாளைக் காட்டிப் பெரிய பயனில்லை. தமிழ்நாட்டில் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதும் பொதுவாகப் பதிவாகி வில்லங்கத்தில் தெரியும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசு இல்லாமலே பார்க்கலாம். நிலம் வாங்கும்போது முப்பது வருஷ வில்லங்கம் பார்க்கிற குடும்பங்கள், ஐந்து லட்சம் லீசுக்கு ஒரு பக்கம்கூடப் பார்ப்பதில்லை என்பது விசித்திரம்தான்.

நம் ஊர் ஏமாளித்தனம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. தென்கொரியாவில் ஜோன்சே என்ற பெயரில் இதே முறை பரவலாக இருக்கிறது. வீட்டு மதிப்பில் பாதிக்கு மேல்கூட முன்பணமாகப் போகும். 2022-க்குப் பிறகு வீட்டு விலை சரிந்ததும் உரிமையாளர்களால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. திட்டமிட்ட மோசடிகளும் வெளிவந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். லீஸ் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. வில்லங்கம் பார்க்காமல், பதிவு செய்யாமல், கடன் வாங்கி வேண்டாம்.

பத்திரம் என்றதும் “பதினோரு மாசம் போட்டா ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்” என்பார்கள். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தைப் பொறுத்தவரை சரி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் அது பதிவைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு பாதையில் போகிறது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். நகராட்சிகளான விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இது பொருந்தும். எழுத்து வேண்டாம் என்று நல்லெண்ணத்தில் விட்டவர்களுக்கு ஒரு சங்கடம்: எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறியதே வீட்டைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு ஒரு காரணம். வாயால் பேசி நுழைந்தவர் அந்த ஒரே காரணத்தால் வெளியேற்றப்படவும் கூடும்.

பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, “ரெண்ட் கண்ட்ரோல் கோர்ட்டுக்குப் போய் நியாய வாடகை நிர்ணயிச்சுக்கலாம்” என்று சொல்பவர்களும் உண்டு. கட்டடத்தின் செலவும் மனையின் மதிப்பும் சேர்த்து, குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்று அந்தச் சட்டம் கணக்குப் போட்டது. அது போய்விட்டது. இன்று வாடகை, பேசி எழுதியதுதான். உயர்த்த வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற பாதுகாப்பு மட்டும் இருக்கிறது.

வீட்டுக்காரர்களின் பக்கமும் ஒரு பயம் குடியிருக்கிறது: “பன்னண்டு வருஷம் ஒருத்தனை விட்டா வீடு அவனுக்குப் போயிடும்.” இந்தப் பயத்தால்தான் ஒழுங்காக வாடகை கொடுக்கும் குடும்பங்களும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைகின்றன. 1963-இன் காலவரம்புச் சட்டத்தில் பன்னிரண்டு வருஷம் என்ற கணக்கு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது உரிமையாளரை எதிர்த்து, வெளிப்படையாக ஆண்டு அனுபவித்தவருக்கு. அனுமதி வாங்கி, வாடகை கொடுத்து இருப்பவர், தன்னைக் குடிவைத்தவரின் உரிமையையே மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. வீட்டைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு உள்ள பன்னிரண்டு வருஷமும் வாடகை உறவு முடிந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். முப்பது வருஷம் குடியிருந்தாலும் வாடகை ரசீதுதான் வீட்டுக்காரரின் காவல். பேரம் பேசும்போது குடித்தனக்காரரே இதை எடுத்துச் சொன்னால் தவறில்லை.

“காசு இருந்தா எங்கயும் வீடு கெடைக்கும்” என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும், நடப்பில் பொய். விழுப்புரம் பக்கத்தில் சாதியைப் பற்றிய கேள்வி நேராக வராது. “எந்த ஊரு தம்பி? கண்டாச்சிபுரமா? ஊர்ங்களா, காலனிங்களா?” என்று சுற்றி வரும். பதிலைக் கேட்டதும் வீடு திடீரென்று “மச்சான் வராரு” ஆகிவிடும். டெல்லியைச் சுற்றிய பகுதிகளில் சுகதேவ் தோரட் முதலியோர் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதையும், கிடைத்தாலும் கூடுதல் நிபந்தனையோ வாடகையோ சேர்வதையும் பதிவு செய்தது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடந்தன. வீடு இல்லாததே பிரச்சினை என்றால் இந்தக் கணக்கு வராது. 2017-ஆம் ஆண்டுச் சட்டமோ இந்த மறுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதன் பெரிய ஓட்டை இது.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டார் சொல்வது, “தனியார் ஹாஸ்டல விட்டா வேற வழி இல்ல.” உண்டு. மகளிருக்கான அரசின் தோழி விடுதிகளில் ஒன்று விழுப்புரத்திலேயே இயங்குகிறது. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்குச் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

கரண்ட் விஷயத்தில் பெரும்பாலோர் பேசாமல் ஏமாறுகிறார்கள். “ஃப்ரீ நூறு யூனிட் ஓனருக்குத்தான்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்புக்கு. சொந்தக்காரரின் பெயரைப் பார்த்து அல்ல. தனி மீட்டர் உள்ள போர்ஷனில் அது குடியிருப்பவருக்கே சேரும். ஒரே இணைப்பில் மூன்று குடும்பத்தைத் துணை மீட்டர் வைத்து ஓட்டினால் இலவசமும் பங்காகிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் ஏறிவிடுகிறது. 6,500 ரூபாய்த் தனி மீட்டர் வீடு, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கேட்கும் 6,000 ரூபாய் வீட்டைவிட மலிவாக முடிவது அப்படித்தான்.

கடைசியாக, ஆடி. ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதை யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம். ஆனால் “ஆடியில வீடு பாக்கவே கூடாது” என்று கிளம்பாமல் இருப்பது வேறு. பள்ளி திறக்கும் ஜூனில் ஒரு வீட்டுக்கு ஐந்து பேர் நிற்பார்கள், வாடகை பேசவே முடியாது. ஆடியில் அதே பலகை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்காரருக்கு நஷ்டம். அப்போது போய்ப் பார்த்து, ஐந்நூறு குறைத்துப் பேசி, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் குடிவருவதாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். சாங்கியம் பார்க்கும் வீட்டுக்காரரும் டோக்கனை வேண்டாமென்று தள்ளுவது அபூர்வம்.