ஒன்று ஐந்தாகி, ஐந்து இருபத்தைந்தாகி...

சதுரங்க ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பரிசு கேட்ட கதையை நீங்கள் அறிவீர்கள். முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று கேட்டானாம். இவ்வளவுதானா என்று சிரித்த அரசன், நாட்டிலுள்ள களஞ்சியங்கள் எல்லாம் சேர்ந்தாலும் போதாது என்று தெரிந்து திகைத்துப் போனான்.

அதே கணக்கு இன்று நம் வீட்டுக் கைபேசியில் நாள்தோறும் நடைபெறுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

பெருக்கலின் வேகம்

ஒருவர் வாட்ஸப்பில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் வேறு ஐந்து பேருக்கு அனுப்பினால் 25, அடுத்து 125, பிறகு 625. பத்தாவது சுற்றில் செய்தி புதிதாகப் போய்ச் சேர்வோர் 97,65,625 பேர்! ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

நடைமுறையில் ஒரே ஆளுக்குச் செய்தி பல முறை வரும். பலர் அனுப்பாமலும் விட்டுவிடுவார்கள். ஆகவே எண்ணிக்கை குறையும். ஆயினும் சமூக ஊடகத்தின் ஆற்றல் இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது. அதன் நன்மையும் தீமையும் இதிலிருந்தே பிறக்கின்றன.

வெள்ளத்தில் ஒரு துணை

2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையால் அடையாற்றில் வெள்ளம் பெருகி, சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே உணவு கிடைக்கும், எந்த வீட்டில் தங்க இடம் உண்டு என்னும் செய்திகளை மக்கள் ட்விட்டரிலும் வாட்ஸப்பிலும் பகிர்ந்தார்கள். முன்பின் அறியாத இளைஞர்கள் அவற்றைத் தொகுத்துப் பட்டியலிட்டு, உதவி கேட்டவரையும் உதவ முன்வந்தவரையும் இணைத்தார்கள்.

அதே மழைக்காலத்தில் அதே கைபேசிகளில் இன்னொரு செய்தியும் பரவியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்பதே அது. ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணையினர் மறுக்க வேண்டியதாயிற்று.

உண்மைச் செய்தியும் காலம் கடந்தால் கெடுதல் செய்யும். உதவி கிடைத்த பிறகும் பழைய வேண்டுகோள் சுற்றிக்கொண்டிருந்தால் படகு வீணாக அங்கே போகும். வேறிடத்தில் ஒருவர் கூரைமேல் காத்திருப்பார்.

வெட்டப்பட்ட படம்

பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்பை வலியுறுத்தி ஒரு குறும்படம் எடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். பிறகு திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுகிறார்கள். யாரோ கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். எஞ்சிய பகுதி, உண்மையான குழந்தைக் கடத்தல் என்ற பெயரில் 2018-இல் இந்தியாவில் பரவியது.

இப்படிப்பட்ட வதந்திகளால் பல மாநிலங்களில் குற்றமற்றவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி உயிரிழந்தார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர். பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அனுப்பியவர்களும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே ஆனார்கள்.

பொய்க்கு ஏன் இத்தனை வேகம்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு, உண்மைச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரை அடைய உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் பிடித்தது.

தானியங்கிக் கணக்குகள் செய்த வேலையோ இது? இல்லை. அவற்றை நீக்கிப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பொய் பெரும்பாலும் புதுமையாக இருக்கிறது. வியப்பையும் அருவருப்பையும் எழுப்புகிறது. அதனால் மனிதர்களே அதை விரைந்து பரப்புகிறார்கள்.

சங்கிலியை அறுப்பது

இனி நமது கணக்குக்கு வருவோம். செய்தி பெறும் ஐந்து பேரில் நால்வர் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் ஐவருக்கு மட்டுமே போகும். பத்துச் சுற்றுகளில் மொத்தம் 50 பேர்! ஐந்தாமவரும் நிறுத்தினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

அணு உலையிலும் இதே தத்துவம்தான். பிளவுறும் ஒவ்வோர் அணுவும் நியூட்ரான்களை வெளியிட்டு மேலும் பல அணுக்களைப் பிளக்கச் செய்கிறது. கட்டுப்பாட்டுத் தண்டுகள் நியூட்ரான்களை உறிஞ்சி அந்தத் தொடர்வினையை அடக்குகின்றன. வாட்ஸப் நிறுவனமும் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி 2018-இல் இந்தியாவில் வரம்பு விதித்தது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020-இல் வரம்பை மேலும் இறுக்கியது.

ஆனால், அந்த ஓரிடத்துக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வது நீங்கள்தான். இதை முதலில் சொன்னவர் யார்? எப்போது சொன்னது? எந்த ஊரில் நடந்தது? இம்மூன்றுக்கும் விடை தெரியாத செய்தி உங்களோடு நிற்கட்டும்.

செய்து பாருங்கள்

வகுப்பில் 40 பேர் இருக்கிறீர்களா? ஒருவர் எழுந்து, உட்கார்ந்திருக்கும் இருவரைத் தொடட்டும். அவர்கள் எழுந்து ஆளுக்கு வேறு இருவரைத் தொடட்டும். ஐந்தாவது சுற்றுக்குள் வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கும். இரண்டாவது ஆட்டத்தில், தொடப்பட்டவர் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் மட்டுமே வேறு இருவரைத் தொட வேண்டும். இதைப் பல முறை ஆடுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் எழுந்தார்கள் என்பதைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிடுங்கள்.