மூவர் கையெழுத்திடும் வாடகை ஒப்பந்தம்

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் நம் மாணவர்கள் பலர் படிப்புக்காகவும் வேலைக்காகவும் சென்னை, கோவை, திருப்பூர், ஓசூர் போன்ற ஊர்களுக்குச் செல்கின்றனர். செலவைக் குறைக்க நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கின்றனர். அவர்கள் வாழ்வில் முதன்முதலாகக் கையெழுத்திடும் சட்ட ஆவணம் பெரும்பாலும் அந்த வாடகை ஒப்பந்தம்தான். "மூன்று பேர், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு" என்று எண்ணியே கையெழுத்திடுகின்றனர். சட்டம் போடும் கணக்கு வேறு. அதை இரண்டு பாடவேளைகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குக் கற்பிக்கலாம். கணக்கு, சமூக அறிவியல், வணிகவியல் ஆசிரியர்கள் எவரும் இதை நடத்தலாம்.

கற்றல் நோக்கங்கள்

1. கூட்டுப் பொறுப்பு என்பதன் பொருளை அறிதல்.
2. பங்கீட்டுக் கணக்கை வாழ்க்கைச் சூழலில் பயன்படுத்துதல்.
3. கையெழுத்திடும் முன் ஆவணத்தை முழுவதும் படிக்கும் பழக்கம் பெறுதல்.

செயல்பாடு 1: கணக்கு

கரும்பலகையில் இதை எழுதவும்: அமுதன், பாரி, கபிலன் மூவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு வீட்டில் குடியேறுகின்றனர். மாத வாடகை ரூ.9,000. முன்பணம் ரூ.27,000. சில மாதங்களில் கபிலன் சொல்லாமல் ஊருக்குச் சென்றுவிடுகிறான். அந்த மாத வாடகையை வீட்டு உரிமையாளர் யாரிடம், எவ்வளவு கேட்கலாம்?

"அமுதனிடம் 3,000, பாரியிடம் 3,000" என்ற விடைதான் பெரும்பாலும் வரும். அதை உடனே தவறு என்று சொல்ல வேண்டாம். "உரிமையாளர் வாடகைக்கு விட்டது ஒரு வீட்டையா, மூன்று பங்குகளையா?" என்று கேளுங்கள். பிறகு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவை எளிய தமிழில் விளக்கலாம். பலர் கூட்டாக ஒரு வாக்குறுதி அளித்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாத நிலையில், அவர்களில் எவரிடமும் முழுவதையும் கேட்க முடியும். எனவே, உரிமையாளர் அமுதன் ஒருவனிடமே ரூ.9,000 கேட்கலாம்.

அடுத்த வினா: முழுவதும் செலுத்திய அமுதன் மற்றவர்களிடம் எவ்வளவு பெறலாம்? கபிலனும் தர முடிந்தவன் என்றால் ஆளுக்கு ரூ.3,000. கபிலனால் எதுவும் தர இயலாவிட்டால், அந்த ரூ.3,000 இழப்பை மற்ற இருவரும் சமமாக ஏற்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. ஆகவே பாரி தர வேண்டியது 3,000 + 1,500 = ரூ.4,500. அமுதன் மீது விழுவதும் ரூ.4,500.

மூன்றாவது வினா: பெரிய அறையில் இருப்பதால் அமுதன் ரூ.4,000, மற்ற இருவரும் தலா ரூ.2,500 என்று வாய்மொழியாகப் பேசியிருந்தால்? சமப் பங்கு என்பதே சட்டத்தின் பொது விதி. வேறு விகிதம் வேண்டுமெனில் அதை எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும் என்ற முடிவுக்கு மாணவர்களே வருவார்கள்.

செயல்பாடு 2: நடித்துக் காட்டல்

ஒரு குழு வீட்டு உரிமையாளராகவும் மற்றொரு குழு நண்பர்களாகவும் பேசட்டும். மூன்று சூழல்கள் தரலாம்.

1. ஒருவன் பெயரில் மட்டும் ஒப்பந்தம்: உரிமையாளரிடம் வாடகைப் பொறுப்பு முழுவதும் அவனுடையது. மற்றவர்களுக்கோ வாடகைதாரர் என்று சொல்லிக்கொள்ள ஆவணம் இல்லை.

2. கபிலனை உரிமையாளரே விடுவித்தல்: "நீ போகலாம்" என்று உரிமையாளர் சொன்னாலும் மற்ற இருவரின் பொறுப்பு நீங்காது. நண்பர்களுக்குக் கபிலன் தர வேண்டிய பங்கும் நீங்காது (பிரிவு 44).

3. கபிலனுக்குப் பதில் புதிய நண்பர் வருதல்: முன்பணத்தை நண்பர்களுக்குள் கைமாற்றினால் மட்டும் போதாது. உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெற்று, ஒப்பந்தத்தில் பெயரை மாற்ற வேண்டும்.

உரிமையாளர் குழுவும் யோசிக்கட்டும். மூவருடனும் தனித்தனி ஒப்பந்தம் போட்டால் ஒருவர் பங்கு நின்றுபோகும்போது மற்றவரிடம் கேட்க முடியாது. அதனால்தான் பல உரிமையாளர்கள் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற சொற்றொடரை ஒப்பந்தத்தில் சேர்க்கின்றனர். மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தந்து அத்தொடரை அடிக்கோடிடச் செய்யலாம்.

ஆசிரியர் கவனத்திற்கு

18 வயது நிறைவடையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பலருக்கு வயது 17. அப்போது பெற்றோர் கையெழுத்திட்டால், நண்பர்களின் பங்குக்கான பொறுப்பும் அந்தப் பெற்றோர் மீது வரலாம். தினக்கூலிக் குடும்பத்துக்கு இது சிறிய சுமை அல்ல. பெற்றோர் கூட்டத்திலும் இதைச் சொல்வது நல்லது.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்படவும் வேண்டும்.

மதிப்பீடு

நான்கு நண்பர்கள், மாத வாடகை ரூ.12,000, ஒருவரால் எதுவும் தர இயலவில்லை. ஒருவர் முழு வாடகையையும் செலுத்திவிட்டார். மற்ற இருவரிடமும் அவர் தலா எவ்வளவு பெறலாம்? (விடை: ரூ.4,000)

வீட்டுப்பணியாக, நண்பர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒரு பக்க உடன்பாட்டை மாணவர்கள் தயாரிக்கட்டும். வாடகைப் பங்கு, மின்கட்டணம், முன்பணத்தில் யாருடையது எவ்வளவு, வெளியேற விரும்புபவர் எத்தனை நாள்களுக்கு முன் சொல்ல வேண்டும் ஆகிய நான்கும் அதில் இடம்பெற வேண்டும். "நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு?" என்று சில மாணவர்கள் தயங்குவார்கள். அமுதனுக்கும் பாரிக்கும் விழுந்த அந்த ரூ.1,500ஐ அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.