ஜி.பி.எஸ். கைக்கடிகாரம்: விற்கும் வணிகர் அறிய வேண்டியவை



சாவி கொடுக்கும் கடிகாரம், பாட்டரி போடும் கடிகாரம் என்ற இரண்டே வகையோடு நமது தலைமுறை வியாபாரம் நடத்தியது. இன்று செம்பாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் ஃபேன்சி ஸ்டோர், செல்போன் கடை, விளையாட்டுச் சாமான் கடை என்று எங்கே நுழைந்தாலும், ஓடிய தூரத்தைக் காட்டும் கடிகாரம் தொங்குகிறது. பெட்டியில் ‘ஜி.பி.எஸ்.’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டி நாமும் விற்றுவிடுகிறோம். அந்த எழுத்துக்குப் பின்னால் உள்ள சங்கதி தெரியாமல் விற்றால், சரக்கு திரும்பி வருவதோடு பெயரும் கெடும்.

ஏரிக்கரையில் காலாற நடப்பவருக்கு நூறு மீட்டர் கூடக்குறைய இருந்தால் ஒன்றுமில்லை. காவலர் தேர்வுக்கு ஓடும் பையனின் கதை வேறு. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆண்களுக்கு வைக்கும் ஓட்டம் 1500 மீட்டர். 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். கடிகாரம் 5 சதவீதம் கூட்டிக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அது 1500 என்று காட்டும்போது அவன் ஓடியிருப்பது ஏறக்குறைய 1429 தான். 6 நிமிடம் 50 வினாடியில் முடித்துவிட்டோம் என்று மகிழ்ந்திருப்பான். மீதி 71 மீட்டருக்கு அதே வேகத்தில் இன்னும் 20 வினாடிக்கு மேல் ஆகும். மைதானத்தில் அவன் நேரம் 7 நிமிடம் 10 வினாடிக்கு மேல், வேலை போயிற்று. இப்படிப்பட்ட பையன் கேட்டு வந்தால், அளந்து கோடு போட்ட 400 மீட்டர் தடத்தில் ஓடிப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதைச் சொல்வதால் விற்பனை குறையாது.

இனி இது வேலை செய்யும் விதம். வானில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் ஓர் அணுக்கடிகாரம் உண்டு. ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது’ என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி கைக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து நமது கடிகாரம் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தப்பிவிடும். தராசுத் தட்டில் தூசி விழுந்தால் பதறும் நமக்கு இந்த நுணுக்கம் புரியாததல்ல.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் ஏற்பாட்டுக்கு மட்டுமே உரிய பெயர். ரஷ்யாவினுடையது குளோனாஸ், ஐரோப்பியருடையது கலிலியோ, சீனாவினுடையது பெய்டோ, ஜப்பானியருடையது கியூ.இசட்.எஸ்.எஸ். நம் நாட்டினுடையது நாவிக். பெட்டியில் ‘5 சிஸ்டம்’, ‘6 சிஸ்டம்’ என்று போடுவது இவற்றைத்தான். வானம் திறந்து கிடக்கும் இடத்தில் ஒன்றே போதும். இருபக்கமும் அடுக்குமாடி எழுந்து நிற்கும் வேளச்சேரி சாலையில் வானத்தின் பாதி மறைந்துவிடும். அங்கேதான் கூடுதல் ஏற்பாடுகள் உதவுகின்றன. அதற்கு விலையும் உண்டு. எல்லாவற்றையும் திறந்து வைத்தால் பாட்டரி சீக்கிரம் தீரும்.

நாவிக் பற்றி வாடிக்கையாளர்கள் இப்போது விரும்பிக் கேட்கிறார்கள். நம் நாட்டுச் சரக்கு என்ற பெருமை நமக்கும் உண்டு. முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 2016 ஏப்ரலில் ஏழாவது சென்றபோது நாவிக் என்ற பெயர் சூட்டப்பட்டது. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நம் தேசத்தையும் சுற்றிலும் 1500 கிலோமீட்டரையும் பார்த்து நிற்பவை இவை. நமக்கு வானில் உயரத்தில் தெரிவதால் கட்டடங்களுக்கு நடுவேயும் மறையாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய செயற்கைக்கோள்கள் சிலவற்றின் வெளிநாட்டு அணுக்கடிகாரங்கள் பழுதாயின. 2023 மே மாதம் சென்ற என்.வி.எஸ்.-01 உள்நாட்டில் செய்த அணுக்கடிகாரத்தைச் சுமந்து போயிற்று. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்.-02 குறித்த பாதைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே இன்றைய நிலையில் நாவிக் மற்றவற்றுக்குத் துணை. அதை மட்டும் நம்பி ஓடும் கடிகாரம் என்று யாரிடமும் சொல்லி விற்க வேண்டாம்.

மொத்த வியாபாரிகளே கவனிக்கத் தவறும் இன்னொரு நுணுக்கம் உண்டு. செயற்கைக்கோள்கள் பேசும் அலைவரிசைகளில் நமக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: 1575.42 மெகாஹெர்ட்ஸில் எல்-1, 1176.45 மெகாஹெர்ட்ஸில் எல்-5. மலிவுக் கடிகாரங்கள் எல்-1 மட்டுமே கேட்கும். நாவிக்கின் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்களோ எல்-5, எஸ் என்ற வரிசைகளில் மட்டுமே பேசுகின்றன. எல்-1 வந்தது என்.வி.எஸ்.-01 முதல்தான். அப்படியானால் எல்-1 மட்டும் உள்ள கடிகாரத்தின் பெட்டியில் நாவிக் என்று அச்சடித்திருந்தாலும் அதனால் கிடைக்கும் பயன் அற்பம். ‘டூயல் பேண்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இரண்டு வரிசையும் இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிரித்தறிய முடியும். மேல்வளிமண்டலம் செய்யும் தாமதத்தையும் கணக்கிடலாம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியே போவதால் இந்தத் தாமதம் நம் பக்கம் அதிகம். 1963-ல் கேரளத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அந்தக் கோடுதான் காரணம்.

இவ்வளவுக்கும் மேலான ஏமாற்று ஒன்று உண்டு. ‘கனெக்டட் ஜி.பி.எஸ்.’ என்பது கடிகாரத்துக்குள் எதுவும் இல்லை என்று பொருள். சட்டைப்பையில் உள்ள செல்போன் சொல்வதை அது வாங்கிக் காட்டும், அவ்வளவுதான். ‘பில்ட்-இன்’ என்றால்தான் சொந்தச் சரக்கு. சப்ளையர் ஒருவர் எங்களுக்கு அனுப்பிய விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை போட்டிருந்தார். கேட்டதற்கு, ‘எல்லாம் ஒன்றுதான் அண்ணாச்சி’ என்றார். ஒன்றல்ல. செல்போனின் புளூடூத்தை அணைத்து, செல்போனைக் கடையிலேயே வைத்துவிட்டு, பையனைத் தெருக்கோடி வரை நடந்து வரச் சொல்லுங்கள். பிறகு இணைத்துப் பார்த்தால், நடந்த வழி வரைபடத்தில் கோடாக விழுந்திருக்க வேண்டும். தூரம் மட்டும் காட்டி, கோடு இல்லையென்றால் அது காலடியை எண்ணிப் போட்ட கணக்கு.

இதில் சட்டமும் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 86-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் தராத உறுதியை விற்பவர் தாமாகத் தந்து, பொருள் அதன்படி இல்லாமல் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்றவரே பொறுப்பேற்க நேரிடும். பில்லில் மாடல் எண்ணை முழுதாக எழுதுங்கள். பெட்டியில் இல்லாத எதையும் கையால் எழுதிக் கொடுக்காதீர்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு, பி.ஐ.எஸ். பதிவு எண் இவையெல்லாம் இல்லாத பெட்டியை எவ்வளவு கழிவு கொடுத்தாலும் இறக்க வேண்டாம்.

‘சிக்னல் பிடிக்கவில்லை’ என்று மறுநாளே திரும்பி வரும் கடிகாரங்களில் பல பழுதானவை அல்ல. கான்கிரீட் கூரைக்குக் கீழே எந்தக் கடிகாரமும் பிடிக்காது. முதலில் செல்போன் செயலியோடு இணைத்தால், செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்ற விவரம் கடிகாரத்தில் இறங்கும். அது சில நாட்களுக்குத்தான் செல்லும். பிறகு மறுபடி இணைக்க வேண்டும். அதன்பின் திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, இடம் கிடைத்த அடையாளம் வந்த பிறகே ஓடத் தொடங்க வேண்டும். விற்கும்போதே வாடிக்கையாளரைக் கடை வாசலுக்கு அழைத்து வந்து இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.