பெற்றோரின் பவர் பத்திரம்: எதற்கு உதவும், எதுவரை உதவும்?

நம் சங்கத்து அன்பர்கள் பலரின் பெற்றோர், வயதான காலத்தில் பிள்ளைகளோடு இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். ஊரில் ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் இருக்கும். வரி கட்ட வேண்டும். வாடகை வசூலிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண்பது வயதுப் பெரியவரை ரயிலேற்ற முடியுமா? "அப்பாவிடம் ஒரு பவர் எழுதி வாங்கிவிடு" என்று யோசனை சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும்.

தமக்குப் பதிலாகச் செயல்பட ஒருவர் இன்னொருவருக்கு எழுத்து மூலம் தரும் அதிகாரமே பவர் ஆஃப் அட்டர்னி. இதற்கென 1882-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் தருவது தனி அதிகாரம். பலவற்றுக்கும் சேர்த்துத் தருவது பொது அதிகாரம். ரயில் பாதையில் வேலை செய்ய 'பிளாக்' வாங்கும்போது, எங்கிருந்து எதுவரை, எத்தனை மணி நேரம் என்று குறிப்பிட்டே வாங்குவோம். பவரும் அப்படி இருப்பதே நல்லது. வாடகை வசூலிக்க மட்டும் என்றால், விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்க வேண்டாம்.

பவர் பெற்றவர் சொத்துக்கு உரிமையாளர் ஆவதில்லை. பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வரும் பணம் பெற்றோருடையது. பைசாவுக்கும் கணக்கு வைக்க வேண்டும்.

பெற்றோரின் பத்திரத்தை அவர் சார்பில் பதிவுக்குத் தாக்கல் செய்யும் அதிகாரம் தருவதானால், அவர் இப்போது வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இதற்காக ஊருக்குப் போக வேண்டியதில்லை. நடமாட முடியாதவர் என்றால், சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து விசாரிக்கவும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. முத்திரைக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இனி முக்கியமான விஷயம். "நினைவு தப்பினால்தான் என்ன, கையில் பவர் இருக்கிறதே" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இது தவறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் பவர் முடிந்துவிடும். நினைவு போன பிறகும் நீடிக்கும் பவர் சில நாடுகளில் உண்டு. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. அதன் பின் காப்பாளர் நியமனம் கேட்டு நீதிமன்றத்தை அணுக வேண்டிவரும். கோமாவில் கிடப்பவருக்குக் காப்பாளர் நியமிப்பது பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் நெறிமுறைகளே வகுத்தது.

ஆகவே பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே மூன்று காரியங்களை முடியுங்கள். வங்கிக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். தேவையான பவரை, தேவையான அளவுக்கு, வழக்கறிஞரைக் கொண்டு எழுதுங்கள். உயிலைப் பற்றியும் பேசுங்கள். இரண்டு சாட்சிகள் அவசியம், பதிவு கட்டாயமில்லை.

எதுவானாலும் அவருக்குப் புரியும் மொழியில் முழுவதும் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். வேண்டாமென்று தோன்றினால் பவரை ரத்து செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். சொத்து அவருடையது; நாம் அவருக்குக் கைகால் மட்டுமே.