வெப்ப அலையும் சுகாதார முறைமையின் இசைவாக்கமும்: அகமதாபாத் நகரம்

காலநிலை மாற்றம் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும் மாணவர் பலர் தணித்தலையும் இசைவாக்கத்தையும் ஒன்றாகக் கருதி எழுதிவிடுகின்றனர். பச்சைவீட்டு வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைப்பது தணித்தலாகும். ஏற்கனவே ஏற்பட்டுவிட்ட மாற்றத்தினால் உயிர்கள் அழியாதவாறு எமது முறைமைகளை மாற்றியமைப்பது இசைவாக்கமாகும். வறிய நாடுகள் வெளியேற்றிய வாயுக்களின் அளவு குறைவு. ஆயினும் பாதிப்பை அதிகம் தாங்குவோர் அந்நாடுகளின் மக்களே. பணவசதி குறைந்த ஒரு சுகாதார முறைமை எவ்வாறு இசைவாக்கம் பெறலாம் என்பதற்கு இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள அகமதாபாத் நகரம் நல்லதோர் உதாரணமாகும்.

2010 மே மாதத்தில் அங்கு கடும் வெப்ப அலை நிலவியது. மே 21 ஆம் திகதி வெப்பநிலை 46.8 பாகை செல்சியசை எட்டியது. அம்மாதத்தில் நகரில் 4,462 பேர் இறந்தனர். அதற்கு முந்திய, பிந்திய ஆண்டுகளின் தரவுகளின்படி எதிர்பார்க்கத்தக்க இறப்புகள் 3,118 மட்டுமே. எனவே மிகை இறப்புகள் 1,344 ஆகும்.

இக்கழித்தலின் பொருளை மாணவர்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். வெப்பம் மிகும்போது உடலைக் குளிர்விக்க வியர்வை பெருகுகின்றது. உடல் நீரை இழக்கின்றது. தோலுக்கு அதிக குருதியை அனுப்புவதற்காக இதயம் கடுமையாக உழைக்கின்றது. ஏற்கனவே இதய நோயுள்ள முதியவர் இந்நிலையில் இறந்தால், மரண அத்தாட்சிப் பத்திரத்தில் இதய நோய் என்றே பதியப்படும். வெப்பம் என்ற சொல் அதில் இடம்பெறாது. ஆகவே மொத்த இறப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே உண்மையான இழப்பு தெரியவரும். இசைவாக்கத்தின் முதற்படி இறப்புகளைச் சரியாக எண்ணுவதே. அதற்குப் பெருஞ்செலவு இல்லை.

2013 இல் அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயற்றிட்டம் ஒன்றை ஆரம்பித்தது. தென்னாசியாவில் இவ்வகைத் திட்டங்களுள் இதுவே முதலாவது. வெப்பநிலை எதிர்வுகூறலுக்கு ஏற்ப மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. 45 பாகையும் அதற்கு மேலும் சிவப்பு. எச்சரிக்கை வந்ததும் வைத்தியசாலைகளும் அம்புலன்ஸ் சேவையும் பனிக்கட்டிப் பொதிகளைத் தயார் செய்தல், குடிநீர் வழங்கும் இடங்களைத் திறத்தல், வெப்பத்தாக்கின் அறிகுறிகளை இனங்காணச் சுகாதார ஊழியரைப் பயிற்றுவித்தல் என்பன இதில் அடங்கும். நாம் 'ஜீவனி' என அழைக்கும் வாய்வழி நீரூட்டற் கரைசலும் இங்கு முக்கிய மருந்தாகும்.

இவற்றைவிட நினைவில் நிறுத்தத்தக்கது வேறொன்று. அந்நகர வைத்தியசாலை ஒன்றில் மகப்பேற்று விடுதி மேல்மாடியில் இருந்தது. கூரை நாள் முழுவதும் வெயிலை உறிஞ்சுவதால் கட்டடத்தில் மிக வெப்பமான பகுதி அதுவே. பிறந்த சிசுவினால் தன் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்க முடியாது. வெப்பநிலை 42 பாகையைத் தாண்டியபின் ஒவ்வொரு பாகை உயர்வுக்கும், வெப்பம் காரணமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட சிசுக்களின் தொகை 43 சதவீதத்தால் அதிகரித்தமை ஆய்வில் தெரிந்தது. விடுதி கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டதும் இந்த அனுமதிப்புகள் வெகுவாகக் குறைந்தன. புதிய இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. கட்டில்கள் இடம் மாறின, அவ்வளவே.

2014, 2015 ஆம் ஆண்டுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. ('மதிப்பிட்டது' என்ற சொல்லை விடையில் தவறாது எழுதுக.)

இத்திட்டத்துக்கும் எல்லை உண்டு. நண்பகலில் வெளியே செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கையைக் கட்டட வேலை செய்யும் நாட்கூலித் தொழிலாளி கேட்கிறார். ஆனால் அன்று வேலைக்குப் போகாவிட்டால் அவருக்குக் கூலி இல்லை. தகரக் கூரை வேய்ந்த அவரது வீடும் குளிர்ச்சியானதல்ல. கூரைகளுக்கு வெண்ணிறம் பூசும் வேலை 2017 இல் அங்கு தொடங்கியது இதனாலேயே. கூலி இழப்பைச் சுகாதாரத் துறையினால் மட்டும் தீர்க்க இயலாது. தொழில், வீடமைப்புத் துறைகளும் இணைய வேண்டும். உயர்ந்த புள்ளி பெறும் விடைகளில் இக்கருத்து இடம்பெறும்.

பயிற்சி வினா

உமது பிரதேச வைத்தியசாலைக்கு நாளை கடும் வெப்பம் நிலவும் என்ற எச்சரிக்கை கிடைக்கின்றது. மேலதிக நிதி இல்லை.
(அ) இன்றே செய்யக்கூடிய மூன்று மாற்றங்களைக் குறிப்பிடுக.
(ஆ) அவற்றுள் ஒன்று எவரைப் பாதுகாக்கும் என்பதைக் காரணத்துடன் விளக்குக.