தூக்கிட்டுப் போற லேப்டாப்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

லேப்டாப் வாங்கணும்னு வாயைத் திறந்ததுமே ஆளாளுக்கு ஒண்ணு சொல்லியிருப்பாங்க. மாமா "ஐ7-க்குக் கீழே பார்க்காதே"ம்பார். எதிர்வீட்டுப் பையன் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம எப்படிம்பான். நீ பி.காம். சேரப்போறே. டாலி, எக்செல், கொஞ்சம் வேர்டு, ஆன்லைன் கிளாஸ், ராத்திரி ஒரு படம், அவ்வளவுதானே உன் வேலை? அதுக்கு ஐ7-உம் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். மாமா கோச்சுக்குவார், கோச்சுக்கட்டும். தினமும் ரெண்டு பஸ் மாறி, பாதி நாள் நின்னுக்கிட்டே போகப்போறவ நீ. உனக்கு முதல் கணக்கு எடை.

15.6 இன்ச் லேப்டாப் பக்கமே போகாதே. 14 இன்ச், முடிஞ்சா 13.3, எடை ஒன்றரைக் கிலோவுக்குள்ள. கடையில எடை சொல்லும்போது சார்ஜரைச் சேர்க்க மாட்டாங்க. பழைய மாடல் சார்ஜர், அந்தக் கறுப்புச் செங்கல், வயரோட சேர்த்து கால் கிலோவுக்கு மேலயே வரும். அதனால டைப்-சி-யில சார்ஜ் ஏறுற மாடலா பாரு. 45 இல்லைன்னா 65 வாட் சின்ன சார்ஜர் ஒண்ணே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும். ஒரு விஷயம், டைப்-சி ஓட்டை இருக்கறதாலயே சார்ஜ் ஏறும்னு நினைச்சுடாதே. விலை குறைஞ்ச பல மாடல்ல அது டேட்டாவுக்கு மட்டும்தான். கடையிலேயே செருகிப் பார்த்துடு.

இப்போ பணத்துக்கு வருவோம். கையில இருபது, இருபத்தஞ்சாயிரம்தான்னா ஆன்லைன்ல பளபளன்னு புது லேப்டாப் கண்ணுல படும். செலரான் பிராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஈஎம்எம்சி ஸ்டோரேஜ்னு கீழே பொடி எழுத்துல போட்டிருப்பான். அதைத் தொடாதே. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கற குறைஞ்சபட்ச இடமே 64 ஜிபி. முதல் பெரிய அப்டேட்டுக்கே இடம் பத்தலைன்னு அழும். அந்த ஈஎம்எம்சி மதர்போர்டோட ஒட்டிக்கிட்டு வர்றது, கழட்டி மாத்தவும் முடியாது. ராமும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதே காசுக்கு ஆபீஸ்ல ஓடின பழைய லேப்டாப் வாங்கலாம். லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக், இந்த மூணு வரிசை. கம்பெனிகள் இதை மொத்தமா எடுத்து, மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு மொத்தமா தள்ளிவிடும். அதைத் துடைச்சு, சரிபார்த்து விக்கறதுதான் ரீஃபர்பிஷ்டு. புதுசா இருந்தப்போ பெரிய விலைக்குப் போனது, அதனால கீல் உறுதியா இருக்கும், கீபோர்டு அருமையா இருக்கும். அடியில நாலு ஸ்க்ரூ கழட்டினா பேட்டரியும் எஸ்எஸ்டியும் மாத்திக்கலாம், உதிரி பாகமும் சுலபமா கிடைக்கும். புது மலிவு லேப்டாப்பைவிடப் பழைய உசத்தி லேப்டாப்தான் என் ஓட்டு.

ஆனா எவ்வளவு பழசுங்கறதுல கறாரா இரு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-ஐ இன்டெல் பிராசசர்ல ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில இருந்துதான் அதிகாரபூர்வமா ஏத்துக்கறாங்க. ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப் எல்லாம் அடிமாட்டு விலைக்கு வர்றது இதனாலதான். கடைக்காரர் குறுக்கு வழியில விண்டோஸ் 11 போட்டுத் தருவார், ஓடவும் செய்யும், ஆனா நாளைக்கு ஒரு அப்டேட் நின்னா கேட்க நாதி இல்லை. தலைமுறையைக் கண்டுபிடிக்கறது சுலபம். ஐ5-8350யூ-ன்னு இருந்தா கோட்டுக்கு அடுத்த 8-தான் தலைமுறை. ஐ5-10210யூ-ன்னா பத்து. இன்னொரு லாபமும் இருக்கு. ஏழாம் தலைமுறை ஐ5-7200யூ-வுல ரெண்டு கோர்தான், எட்டுல வந்த ஐ5-8250யூ-வுல நாலு. பேர் ஒண்ணுதான், வேகம் வேற.

மாடல் பேர் வேணுமா? லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 830 ஜி5, திங்க்பேட் டி480. மூணும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைதான் (பிராசசர் எண்ணைப் பார்த்துக்கோ), மூணுலயும் ராம் ஸ்லாட் இருக்கு. இன்னிக்கு 8 ஜிபியோட வாங்கி, அப்புறம் 16 ஆக்கிக்கலாம். டி480 கொஞ்சம் கனம், ஆனா உள்ளே ஒண்ணு, பின்னாடி கழட்டி மாட்டற மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி. திங்க்பேட் எக்ஸ்280-ஐப் பார்த்தா ஆசை வரும், 12.5 இன்ச், ஒண்ணேகால் கிலோகூட வராது. அதுல ராம் போர்டோட ஒட்டினது, அதனால 16 ஜிபி இருந்தா மட்டும் கையில எடு.

சரி, கடைக்குப் போயாச்சு. சென்னையில இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்தான், அண்ணா சாலையில இருந்து உள்ளே நுழைஞ்சதுமே "என்ன மேடம் வேணும், லேப்டாப்பா?"ன்னு நாலு பேர் கூப்பிடுவாங்க. கூப்பிடறவங்க பின்னாடி போகாதே. உட்கார்ந்து பார்க்க நாற்காலியும் பிளக் பாயின்ட்டும் தர்ற கடையா பாரு. அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடலைன்னா எழுந்து வந்துடு.

முதல்ல லேப்டாப்பை மூடி மேசை மேல வை. ஆடுதா? டச்பேட் கொஞ்சம் மேடா தூக்கிட்டு நிக்குதா? அப்படின்னா உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம், தொடாதே. அப்புறம் ஆன் பண்ணும்போதே பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற அடிப்படை செட்டிங்ஸுக்குள்ள, போகச் சொல்லு. டெல்லுக்கு எஃப்2, திங்க்பேடுக்கு எஃப்1, ஹெச்பிக்கு எஃப்10. பாஸ்வேர்டு கேட்டா, பழைய கம்பெனி போட்ட பூட்டு இன்னும் கழலலைன்னு அர்த்தம். கடைக்காரர் "அது ஒண்ணும் பண்ணாதுக்கா"ம்பார். பண்ணும். அதேபோல உன் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, விண்டோஸை ரீசெட் பண்ணி முதல்லேருந்து செட்டப் பண்ணச் சொல்லு. முணுமுணுப்பார், பரவாயில்லை. ஏதாவது கம்பெனி பேர் போட்டு அவங்க ஆபீஸ் ஈமெயிலைக் கேட்டா, அந்த மெஷின் இன்னும் அவங்க கணக்குலதான் இருக்கு.

அடுத்து பேட்டரி. "நல்லா நிக்கும்"ங்கற பேச்செல்லாம் வேண்டாம், பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லு. விண்டோஸ்லயே வர்றதுதான், எந்த மெக்கானிக்குக்கும் எடுக்கத் தெரியும். அதுல ரெண்டு எண் இருக்கும். டிசைன் கெப்பாசிட்டிங்கறது புதுசுல எவ்வளவு தாங்கினது, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டிங்கறது இப்போ எவ்வளவு தாங்குது. முதலாவது 48,000, ரெண்டாவது 31,000-ன்னு வெச்சுக்கோ. மூணுல ஒரு பங்கு போச்சு. அப்படி இருந்தா வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லை, புது பேட்டரி விலையைக் கழிச்சுக் கேளு. இந்த ஒரு காகிதத்தை வெச்சு நீ குறைக்கற காசு, "கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணா"ன்னு கெஞ்சினா குறையாது.

ஸ்க்ரீனை நேரா மட்டும் பார்க்காதே. தலையைத் தாழ்த்தி கீழேயிருந்து பாரு. நிறம் கறுத்து, படம் எதிர்மறையா தெரிஞ்சா அது பழைய டிஎன் பேனல். நான் மேலே சொன்ன மாடல்கள்லயே மலிவுப் பிரிவுல அது வந்திருக்கு, கூடவே 1366-க்கு 768 ரெசல்யூஷன், எக்செல்ல பத்து நெடுவரிசை தெரியறதுக்குள்ள கண்ணு வலிக்கும். ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ்னு கேட்டு வாங்கு. அப்புறம் நோட்பேடைத் திறந்து எல்லா விசையையும் ஒரு தடவை தட்டிடு. தமிழ்ல அடிப்பேன்னா தமிழ்99 கீபோர்டு விண்டோஸ் 11-லயே இருக்கு, செட்டிங்ஸ்ல சேர்த்துக்கிட்டா போதும், தனி சாஃப்ட்வேர் எதுவும் பென்டிரைவ்ல ஏத்தித் தர விடாதே. கேமரா, மைக், ஸ்பீக்கர், எல்லா யுஎஸ்பி ஓட்டையும் பாரு. யூடியூப்ல ஒரு பாட்டை முழுசா ஓட விடு. ஃபேன் அலறினா உள்ளே தூசி அடைச்சிருக்கலாம், சுத்தம் பண்ணித் தரச் சொல்லு.

குரோம்புக் நல்லாத்தான் இருக்கும், டாலியை நேரா அதுல போட முடியாது, உனக்கு ஆகாது. பழைய மேக்புக் ஏர் எம்1 (2020-ல வந்தது) கிடைச்சா என்னன்னு கேட்பே. எடை 1.29 கிலோ, ஃபேனே கிடையாது, பேட்டரி அபாரம். ஆனா அதுலயும் டாலி நேரா ஓடாது, ராம் கூட்ட முடியாது, ரிப்பேர்னா பர்ஸ் கிழியும். எழுத்து வேலை மட்டும்னா யோசிக்கலாம்.

வாங்கினப்புறம் பேக்ல வைக்கும்போது மூடியை மட்டும் மூடாம ஷட்டவுன் பண்ணிடு. ஸ்லீப்ல விட்டா சில நேரம் பேக்குள்ளயே முழிச்சுக்கிட்டு சூடாகி, காலேஜ் போறதுக்குள்ள சார்ஜ் பாதி காலி. தண்ணி பாட்டிலை பேக்ல அதே அறையில வைக்காதே, இதைச் சொல்லவே வேண்டாம், ஆனா உன்னைப் பத்தித் தெரியும்.

பில் இல்லாம நகராதே. பில்லுல மாடல் பேரோட சீரியல் நம்பரும், எத்தனை மாசம் வாரண்டி, பேட்டரிக்கும் சேர்த்தா இல்லையாங்கறதும் பேனாவுல எழுதி, கடை சீல் வெச்சு வாங்கு. முதல் வாரம் தினமும் நாலு மணி நேரமாவது ஓட்டிப் பாரு. கோளாறு இருந்தா அதுக்குள்ள தலை காட்டிடும். அப்படி ஏதாவது தெரிஞ்சா அன்னிக்கே பில்லோட கிளம்பு, சனிக்கிழமை பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடாதே. தனியா போகத் தயக்கமா இருந்தா சொல்லு, நான் லீவு போட்டுட்டு வர்றேன்.