கைகளால் மூன்று பந்தயம்

கேள்வி: முள்ளந்தண்டுக் காயத்தால் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் ட்ரையத்லன் போட்டியில் கலந்துகொள்ளலாமா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: தாராளமாக, தம்பி. 750 மீற்றர் நீச்சல், கையால் சுழற்றும் சைக்கிளில் 20 கிலோமீற்றர், பந்தயச் சக்கர நாற்காலியில் 5 கிலோமீற்றர். மூன்றுக்கும் தோளும் கையும்தான்.

அவுஸ்திரேலியாவின் லோரன் பார்க்கர் 2017இல் சைக்கிள் பயிற்சியில் ரயர் வெடித்து விழுந்து, இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். மறு ஆண்டே பொதுநலவாய விளையாட்டில் வெண்கலம். டோக்கியோ பராலிம்பிக்கில் அமெரிக்காவின் கென்டல் கிரெட்சிடம் ஒரே ஒரு செக்கனில் தங்கத்தை விட்டார். அந்த ஒரு செக்கனை நினைத்தால் எனக்கே நெஞ்சு அடைக்கிறது! 2024இல் பாரிஸில் ட்ரையத்லனில் தங்கம் வென்றார். கைச்சைக்கிள் வீதிப் பந்தயத்திலும் இன்னொரு தங்கம்.

ஆனால் அவர் முன்பே தேர்ந்த ட்ரையத்லன் வீராங்கனை. அவருடைய வேகத்தை உங்களுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். பந்தய நாற்காலியும் கைச்சைக்கிளும் விலை கூடியவை. வன்னியில் ஒருவர் தனியாக அவற்றை வாங்குவது கடினம். விளையாட்டுத் துறையும் புலம்பெயர்ந்த உறவுகளும் இதற்குக் கைகொடுக்கவேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். நம் நாட்டுக்கு டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஈட்டி எறிந்து தங்கம் கொண்டுவந்தார். வீல்செயார் வீரர்களுக்கும் அப்படியொரு வாய்ப்பு வேண்டும்.

முதலில் வைத்தியரிடம் தோளையும் தோலையும் காட்டுங்கள். உணர்வில்லாத இடத்தில் படுக்கைப்புண் வருவது தெரியாது. நீச்சலை, துணைக்கு ஆளுள்ள தடாகத்திலேயே பழகுங்கள். குளத்தில் தனியே இறங்கவேண்டாம். நாற்காலிப் பயிற்சிக்கு ஏ9 வீதி வேண்டாம், மைதானம் போதும்.